ஏலகிரி எரிமலையா?

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் பக்கமிருந்து வேன் பிடித்து ஏலகிரிக்குப் போய் வருகிறவர்கள் பலர் திரும்பி வந்து ஒரு செய்தி சொல்வார்கள். "அது ஒரு காலத்துல எரிமலையாம். மேல இருக்கிற ஏரிதான் அதோட வாயாம்." யாரோ சொன்னது, ஏதோ காணொளியில் பார்த்தது என்று வாய்வழியாகவே பரவும் செய்தி இது. கேள்வி நல்ல கேள்வி. விடையும் நாம் நினைப்பதைவிடப் பெரியது.

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். ஏலகிரி எரிமலை அல்ல. எரிமலைக்கு அடியில், சில கிலோமீட்டர் ஆழத்தில், பாறைக்குழம்பு தேங்கிக் கிடக்குமே, அப்படிப்பட்ட ஓர் அறை உறைந்து இறுகிய பாறைதான் அந்த மலை. அதன்மேல் இருந்த நிலம் பல கோடி ஆண்டுகளில் கரைந்து போனதால் அது வெளியே தெரிகிறது. எரிமலை வாய் என்று ஒன்று இருந்திருந்தால், அதை மலைமேல் தேடக் கூடாது. மலைக்கும் மேலே, இன்று வெறும் காற்று இருக்கும் உயரத்தில் அது இருந்திருக்கும்.

அணைந்த எரிமலை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். பூமிக்கு அடியில் பாறை உருகி, மேலே வழி கிடைத்தால் வெளியே பீறிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இப்படி வெளிவந்த குழம்பும் சாம்பலும் குவிந்து குவிந்துதான் எரிமலை உருவாகிறது. மற்ற மலைகள் நிலம் மடிந்து உயர்ந்தோ, சுற்றியுள்ள மண் அரித்து நின்றோ உருவானவை. எரிமலை மட்டும் தன்னைத் தானே கட்டிக்கொண்டது. அடியிலிருந்து வரும் குழம்பு நிரந்தரமாக நின்றுபோனால் அதை அணைந்த எரிமலை என்கிறோம். சிறிது காலம் ஓய்ந்து மறுபடி கிளம்பக்கூடியது உறங்கும் எரிமலை. இரண்டுக்கும் நடுவே அறுதியான கோடு கிடையாது.

அந்தக் கோடு எவ்வளவு மங்கல் என்பதை நம் நாட்டிலேயே பார்க்கலாம். அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு 1991இல் மறுபடி வெடித்தது. அதற்கு முன் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அமைதியாக இருந்த எரிமலை அது. அதற்கு வடக்கே உள்ள நார்கொண்டம் தீவு, கடலிலிருந்து 710 மீட்டர் உயரத்துக்கு எழும் இன்னோர் எரிமலை. வரலாற்றுக் காலத்தில் அது வெடித்ததாக எந்தப் பதிவும் இல்லை. சரிவெல்லாம் காடு மூடி, உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாச்சி இனம் அங்கே வாழ்கிறது. உண்மையான எரிமலை மலை எப்படி இருக்கும் என்று கேட்டால் நார்கொண்டத்தைத்தான் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டு நிலப்பரப்பில் அப்படி ஒன்று இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரத்தையும் சுற்றுப்புறத்தையும் மூடிய தக்காண எரிமலைக் குழம்பு, இன்று மிஞ்சியிருக்கும் அளவிலேயே 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதுவும் நம் பக்கம் வந்து சேரவில்லை.

இருங்காட்டுக்கோட்டை நிற்கும் நிலம் முற்றிலும் வேறு வகை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மேல்மண்ணுக்குக் கீழே களிப்பாறையும் மணற்பாறையும் அடுக்கடுக்காக இருக்கின்றன. நிலவியலாளர்கள் அதற்கு ஸ்ரீபெரும்புதூர் பாறைத்தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்துகொண்டிருந்த காலத்தில், தாழ்ந்துகொண்டிருந்த கரையோரத்தில் படிந்த வண்டல் அது. அதில் இலைத் தடங்கள் கிடைக்கின்றன. சுருண்ட ஓடுடைய அம்மோனைட் என்ற கடலுயிரின் புதைபடிவங்களும் கிடைத்திருக்கின்றன. கார்த் தொழிற்சாலைக்கு அடித்தளம் தோண்டும் அதே நிலத்தில் கடல் வந்து போனதற்கான சாட்சி கிடக்கிறது என்பதை இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கிழக்கே பல்லாவரம், பரங்கிமலை பக்கம் போனால் பாறை மறுபடி மாறும். அங்கே உள்ள கருநீலம் கலந்த கெட்டிக் கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பெயரை வைத்தார். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு இங்கிருந்து கொண்டுபோன கல் பயன்பட்டிருந்ததுதான் காரணம். உலகில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் அதற்கு மூல அடையாளம் நம் பரங்கிமலைதான். அது எரிமலைப் பாறை அல்ல. பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது.

இதே இடத்தில் திருவண்ணாமலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அருணாசலம் அக்னி வடிவம் என்ற நம்பிக்கையும், கார்த்திகை தீபமும் சேர்ந்து, அந்த மலை ஓர் அணைந்த எரிமலை என்ற பேச்சைப் பரப்பியிருக்கின்றன. நம்பிக்கைக்கு நிலவியல் சான்று தேவையில்லை. அது தன் காலில் நிற்கும். ஆனால் பாறையைப் பொறுத்தவரை, அந்த வட்டாரத்தில் இருப்பவை சார்னோக்கைட், நைஸ், கிரானைட் ஆகிய ஆழத்துப் பாறைகள். பெரும்பாலானவை 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. எரிமலைக் குழம்போ சாம்பல் படிவோ அங்கே இல்லை.

இப்போது ஏலகிரி. இருங்காட்டுக்கோட்டை வாசலில் ஓடும் பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே மேற்கே போனால் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. அதன் பிறகு திரும்பி, ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் பொன்னேரியிலிருந்து மலைப்பாதை ஏறுகிறது. மொத்தம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வழியெல்லாம் இடப்புறமும் வலப்புறமும் பாறைக் குன்றுகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை நைஸ், சார்னோக்கைட் போன்ற பழம்பாறைகள். ஏலகிரி அவற்றுக்கு நடுவே வேறு இனம்.

மலைக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். வள்ளல்கள், புலவர்கள் பெயரை வளைவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். மேலே போனதும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டரில் ஓரளவு சமமான நிலம் விரிகிறது. அத்தனாவூர், நிலாவூர் என்று சிற்றூர்கள், வயல்கள், பழத்தோட்டங்கள், சுற்றிலும் குன்றுகள், அவற்றில் உயரமானது சுவாமிமலை. கிண்ணம் போன்ற இந்த அமைப்பைப் பார்த்துத்தான் எரிமலை வாய் என்ற எண்ணம் வந்திருக்க வேண்டும். ஆனால் நீண்ட காலம் வெயிலும் மழையும் பட்டு, வெடிப்பு அதிகமுள்ள பாறை சீக்கிரம் உதிர்ந்து தாழ்நிலமாகிறது, வெடிப்பு குறைந்த பாறை குன்றாக நிற்கிறது. உயரமான பழம்பாறை மலைகள் பலவற்றின் உச்சியில் இப்படிப்பட்ட தாழ்வுகள் உண்டு. எரிமலை வாய் என்று சொல்லப்படும் புங்கனூர் ஏரியோ மனிதர்கள் அமைத்த ஏரி. அதில் படகு விடலாமே தவிர எரிமலையைத் தேட முடியாது.

அடையாளம் ஏரியில் இல்லை, கல்லில் இருக்கிறது. மலைப்பாதை அமைக்கப் பாறையை வெட்டிய இடங்கள் சாலையோரத்தில் தெரியும். வேனை ஓரமாக நிறுத்த இடமிருக்கும் வளைவில், வெயிலும் பாசியும் பட்டுக் கறுத்த மேற்பரப்பை விட்டுவிட்டு, புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள். வெளிர்சாம்பலாகவோ லேசான இளஞ்சிவப்பாகவோ இருக்கும். கண்ணுக்கு அருகே கொண்டுபோனால் பாறை முழுக்கப் பளபளக்கும் சிறு தகடுகள் ஒன்றோடொன்று கோர்த்துக் கிடப்பது தெரியும். கல்லைக் கொஞ்சம் சாய்த்தால் ஒரு தகடு கண்ணாடித்துண்டு போல மின்னி அணையும். அடுத்து இன்னொன்று மின்னும். அவை ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள். இடையிடையே கறுப்புப் புள்ளிகளாக இரும்பும் மெக்னீசியமும் சேர்ந்த கனிமங்கள். கிரானைட்டில் தாராளமாக இருக்கும் குவார்ட்ஸ் மணி இதில் மிகக் குறைவு. ஃபெல்ட்ஸ்பார் மிகுந்து குவார்ட்ஸ் அருகிய இந்தப் பாறைக்கு சையனைட் என்று பெயர். ஏலகிரியின் உடல் பெரும்பாலும் சையனைட்தான்.

படிகம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஃபவுண்டரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரே உலையிலிருந்து ஊற்றிய உலோகம்தான். ஆனால் காஸ்டிங்கின் மெல்லிய ஓரம் சட்டென்று குளிர்ந்து நுண்ணிய மணிகளாக இறுகும், தடித்த நடுப்பகுதி மெதுவாகக் குளிர்ந்து பெரிய மணிகளாக வளரும். பாறையும் அப்படித்தான். வெளியே கொட்டிய எரிமலைக் குழம்பு வேகமாக உறைவதால் படிகம் பெரிதாக வளர அவகாசம் இருக்காது. மும்பை, புனே பக்கத்துக் கருங்கல்லில் வெறுங்கண்ணால் மணி பிரித்துப் பார்ப்பது கடினம். குமிழி அடைபட்ட துளைகள் வேண்டுமானால் தெரியும். ஏலகிரிக் கல்லில் துளை இல்லை, சாம்பல் இல்லை, பெரிய படிகங்கள் உண்டு. ஆக அது வெளிக்காற்றைப் பார்க்காமலே, மேலே கிலோமீட்டர் கணக்கில் பாறை போர்த்திய நிலையில், லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு மெதுவாகக் குளிர்ந்தது. அதனால்தான் நிலவியலாளர்கள் ஏலகிரியை எரிமலைப் பட்டியலில் சேர்க்காமல் ஆழத்தில் உறைந்த பாறைத்தொகுதிகளின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

கதிரியக்க முறையில் வயது கணக்கிட்டபோது ஏலகிரி சையனைட்டுக்குச் சுமார் 75 கோடி ஆண்டு என்று வந்தது. பக்கத்தில் திருப்பத்தூருக்கு அருகே உள்ள சேவத்தூர் பாறைகளுக்கு 77 முதல் 80 கோடி. முதல் மீன் கூடத் தோன்றாத காலம் அது. அன்றைய கண்டங்கள் ரோடினியா என்ற ஒரே பெருங்கண்டமாகச் சேர்ந்திருந்து, பிளக்கத் தொடங்கியிருந்தன. நிலம் பிளக்கும்போது அடியிலிருந்து குழம்பு ஏறுவது இயல்பு. ஏலகிரி மட்டும் தனியாக நிற்கவில்லை. சேவத்தூர், சாமல்பட்டி, பக்கநாடு என்று தென்மேற்காக ஒரு கோட்டில் இதே வகைப் பாறைத்தொகுதிகள் வரிசையாக இருக்கின்றன. தருமபுரி வழியாகப் போகும் ஒரு பழைய பிளவுக்கோடு அது. வியப்பு என்னவென்றால், அதே பகுதியில் ஒகேனக்கல்லில் உள்ள இந்த வகைப் பாறைக்கு வயது 240 கோடி ஆண்டு. அதாவது ஒருமுறை பிளந்து குழம்பு ஏறிய பலவீனமான பகுதியிலேயே, 160 கோடி ஆண்டு கழித்து மறுபடி ஏறியிருக்கிறது.

ஏலகிரி குளிர்ந்த அதே காலகட்டத்தில் ராஜஸ்தானில் நிஜமாகவே எரிமலைகள் வெடித்தன. மலானி என்று அழைக்கப்படும் அந்தக் குழம்புப் பாறைகள் இன்றும் மேலே கிடக்கின்றன. ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டைக்கு அருகே அவற்றைப் பார்க்கலாம். அங்கே மேற்புறம் தப்பியது. இங்கே மேற்புறம் போய், அடிப்புறம் மிஞ்சியது.

சேவத்தூரில் நான் கொஞ்சம் நின்று போக விரும்புகிறேன். தமிழ்நாட்டில் எரிமலைக் கதைக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. அங்கே கார்பனடைட் என்ற பாறை பிறை வடிவில் நீண்டு கிடக்கிறது. பார்வைக்குச் சுண்ணாம்புக்கல், பளிங்குக்கல் போலவே இருக்கும். நீர்த்த அமிலத்தை ஒரு துளி விட்டால் சுண்ணாம்புக்கல் போலவே நுரைக்கும். ஆனால் சுண்ணாம்புக்கல் கடலடியில் கிளிஞ்சலும் ஓடும் சேர்ந்து படிந்தது. கார்பனடைட் உருகிய குழம்பாக பூமியின் அடியாழத்திலிருந்து வந்தது. உருகிய பாறை என்றாலே மணலின் மூலப்பொருளான சிலிக்கா நிறைந்தது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். கார்பனேட் உருகிக் குழம்பாக ஓடுமா என்ற கேள்விக்கு 1960இல் டான்சானியாவில் விடை கிடைத்தது. ஓல் டோய்ன்யோ லெங்காய் என்ற எரிமலையின் வாயில், கார்பனேட் குழம்பு வழிவதை நிலவியலாளர்கள் நேரில் பார்த்தார்கள். மற்ற எரிமலைக் குழம்பு 1,100 டிகிரி வெப்பத்தில் செந்நிறமாகத் தகிக்கும். லெங்காய் குழம்போ 500, 600 டிகிரிதான். பகலில் பார்த்தால் கறுப்பு எண்ணெய் போலத் தண்ணியாக ஓடும். காற்றின் ஈரம் பட்டுச் சில நாள்களிலேயே வெளுத்துவிடும்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்கையும் அதன் சுற்றுப்புறத்தையும் கவனித்தால் நம் ஊர்க் கதையின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக அங்கே நிற்கும். லெங்காய் இன்றும் உயிரோடு இருக்கிறது. உகாண்டா, கென்யா எல்லையில் உள்ள எல்கான் அணைந்துவிட்டது. 4,321 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் வாய்ப்பகுதி இன்னும் கலையாமல் பெரும் பள்ளமாக இருக்கிறது. உகாண்டாவில் உள்ள நபாக் என்ற பழைய எரிமலையின் நடுப்பகுதி அரித்துத் திறந்து, உள்ளேயிருந்த கார்பனடைட் வெளியே தெரிகிறது. சுற்றிலும் குழம்பு அடுக்குகளின் மிச்சம் நிற்கிறது. மேலே எரிமலை, அடியில் கார்பனடைட்டும் அதன் உறவுப் பாறைகளும் என்பது அங்கே ஒரே மலையில் கண்ணெதிரே தெளிவாகிறது. அந்தச் சுற்று அடுக்குகளும் முழுமையாகக் கரைந்துபோன பின் வருவது சேவத்தூர், ஏலகிரி நிலை. இங்கே மேலே எரிமலை இருந்ததென்று கைகாட்ட ஒரு குழம்பு அடுக்கும் மிஞ்சவில்லை. ஆனால் இந்தப் பாறைக் கூட்டம் உலகில் எங்கெங்கே எரிமலையோடு சேர்ந்து காணப்படுகிறதோ, அதை வைத்துத்தான் நிலவியலாளர்கள் இங்கும் அந்தச் சாத்தியத்தைப் பேசுகிறார்கள்.

மேலே இருந்த அவ்வளவு பாறையும் எங்கே போயிற்று? ஆற்றோடு போயிற்று. அமைதியான தென்னிந்திய மேட்டு நிலத்தில் பாறை தேயும் வேகம் மிகக் குறைவு. பத்து லட்சம் ஆண்டுக்குச் சராசரியாக 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிரிக்கெட் மைதானத்தில் பந்து வீசும் தூரத்தில் பாதிதான். அந்த வேகத்திலேயே 80 கோடி ஆண்டு போனால் 8 கிலோமீட்டர் கணக்கு வருகிறது. எவரெஸ்ட்டின் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. வேகம் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்திருக்காது. நிலம் உயரும்போது கூடும், தாழும்போது குறையும். ஆனாலும் பல கிலோமீட்டர் கனமான கூரை காணாமல் போவதற்கு எந்தப் பேரழிவும் தேவையில்லை, மழையும் காலமும் போதும் என்று காட்ட இந்தக் கணக்கு உதவும். ஸ்ரீபெரும்புதூர் மண்ணில் அந்த இலைகள் விழுந்து புதைந்தபோதே ஏலகிரிப் பாறைக்கு 60 கோடி ஆண்டுக்கு மேல் வயதாகியிருந்தது.

தேய்மானம் எல்லாப் பாறையையும் ஒரே அளவில் தின்பதில்லை. சுற்றியிருந்த நைஸ் பாறையில் பட்டை பட்டையான அடுக்கும் வெடிப்பும் அதிகம். தண்ணீர் இறங்க வழி உண்டு. ஒரே கட்டியாக உறைந்த சையனைட்டில் அந்த வழி குறைவு. அதனால் ஜோலார்பேட்டைச் சமவெளி 400 மீட்டர் அளவுக்கு இறங்கிய பிறகும் ஏலகிரி 700 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. மலை மேலெழும்பியது என்பதைவிட, சுற்றிலும் இருந்த நிலம் கீழிறங்கியது என்பதே சரி.

இது மறுபடி விழிக்குமா என்று கேட்பவர்களுக்கு: விழிக்காது. உறங்கும் எரிமலைக்கு அடியில் இன்னும் சூடான குழம்பு இருக்கும்; வாயு கசியும், வெந்நீர் ஊற்று வரும், சிறு நடுக்கங்கள் தொடரும். ஏலகிரியில் அந்தக் குழம்பே முழுதும் கல்லாகிவிட்டது. குழம்பை ஊட்டிய அடியாழமோ பின்னால் தங்கிவிட்டது. இந்தியத் தட்டு இந்த 75 கோடி ஆண்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்து, கோண்டுவானாவில் சேர்ந்து, பிரிந்து, வடக்கே போய் ஆசியாவோடு மோதிவிட்டது.

சேவத்தூரில் இன்னொரு பொருளும் கிடைக்கிறது, அதற்கும் நம் தொழில் வட்டாரத்துக்கும் தொடர்பு உண்டு. குழம்போடு வந்த கறுப்பு மைக்கா, பல காலம் நிலத்தடி நீர் பட்டு மாறி வெர்மிகுலைட் ஆகியிருக்கிறது. தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் அதை அங்கே வெட்டி எடுத்திருக்கிறது. பொன்பழுப்பு நிறத்தில், விரல் நகம் அளவுள்ள ஒரு வெர்மிகுலைட் செதிலை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினால், ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு அடுக்குகளுக்கு இடையே சிக்கியிருக்கும் நீர் ஆவியாகி அடுக்குகளை விலக்க, செதில் நெளிந்து, மடிப்பு மடிப்பாக நீண்டு, பழைய கனத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் ஊதிவிடும். எடையோ குறைந்திருக்கும். உள்ளே முழுக்கக் காற்று அடைபட்டிருப்பதால் வெப்பத்தைக் கடத்தாது, தீயும் பிடிக்காது. அதனால்தான் உருக்காலைகளில் கொதிக்கும் உலோகத்தின் மேல் தூவி அதன் சூடு போகாமல் காக்கிறார்கள். தீத்தடுப்புப் பலகைகளில் சேர்க்கிறார்கள். வாகனங்களின் பிரேக் லைனிங் கலவைகளிலும் அது சேர்கிறது. நர்சரியில் செடித் தொட்டியோடு வாங்கும் மண்கலவையில் பளபளக்கும் இலேசான பொன்நிறத் துண்டுகள் இருந்தால், அவையும் பெரும்பாலும் இப்படி ஊத வைத்த வெர்மிகுலைட்தான்.